பதினோராம் வளைவு வரை

நாலு ராத்திரி தூங்கவில்லை.
அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி
நெடுஞ்சாலைத் துறையின் சுண்ணாம்பு வாளியோடு
தனியாக ஏறினேன்.
முதல் வளைவு, இரண்டாம் வளைவு,
கைப்பிடிச் சுவர், மைல்கல்,
ஓரத்துச் சில்வர் ஓக் மரத்துக்கு முட்டி வரை,
எல்லாம் வெள்ளை.
சேலம் கீழே விளக்குகளாகக் கிடந்தது.
அத்தனையும் என் பேரைச் சொல்லித்தான் எரிகிறது என்று
எனக்குத் தெரிந்தது.
தெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும்;
நினைத்தேன் என்றால் பொய்.

பதினோராம் வளைவில் பால் வண்டிக்காரர் நிறுத்தினார்.
"என்ன மாதையா, இந்நேரத்துல?"
அவருக்கும் ஒரு கோடு போட்டேன்,
சட்டையில், தோளிலிருந்து இடுப்புக்கு.

காலையில் ஏற்காடு போனவர்கள்
வெள்ளைச் சுவர் முன் நின்று
படம் எடுத்துக்கொண்டார்களாம்.

*

அதற்கப்புறம் ஐப்பசி முழுக்கப் பாயில்.
பல் தேய்க்கிற பிரஷ்
கடப்பாரையாய்க் கனத்தது.
கன்னங்குறிச்சியே காரணம் தேடியது.
மாமியார்: முனியப்பன் எல்லையை மிதிச்சிருப்பாரு.
மேஸ்திரி: குடி. (நான் குடிப்பதில்லை.)
மச்சான்: சீட்டுப் பணம் போனதுதான்.
எதிர்வீடு ஒன்றும் சொல்லவில்லை,
விளையாடிய பிள்ளையை மட்டும்
உள்ளே கூப்பிட்டுக்கொண்டது.
குறி சொல்கிறவர் விபூதி பூசிவிட்டு
நவமணியிடம் தணிந்த குரலில் சொன்னார்:
"ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போம்மா.
எந் தம்பிக்கு அங்கதான் கேட்டுச்சு."

*

மனநலப் பிரிவு. புதன்கிழமை. டோக்கன் நாற்பத்தேழு.
எப்படிப்பட்டவர்கள் இருப்பார்களோ என்று பயந்திருந்தேன்.
பஸ் ஸ்டாண்டில் இருக்கிற ஆட்கள்தான் இருந்தார்கள்.
ஒருத்தர் மடியில் தக்காளிப் பை.

டாக்டர் ரிஸ்வானாவின் முதல் கேள்வி:
"எத்தனை மணி நேரம் தூங்குறீங்க?"
இரண்டாவது:
"வீட்ல வேற யாருக்காவது?"
என் சித்தப்பா கிணற்றில் தவறி விழுந்தவர்.
தவறி என்ற அந்தச் சொல்லை
முப்பது வருஷமாக மூடி போட்டு வைத்திருந்தோம்.
அன்றைக்குத் திறந்தேன்.
நவமணி திரும்பி என்னைப் பார்த்தாள்.
கல்யாணமாகிப் பதினாறு வருஷம்.

"எதனால வந்துச்சு?" என்றேன்.
"இது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாது."

அது எனக்குப் புரிந்தது.
மலைப்பாதையில் மண் சரிந்தால்
எந்தத் துளி சரித்தது என்று யார் கேட்கிறோம்?
பாறைக்குள் பழைய விரிசல் ஒன்று இருக்கும்.
மேலே மரம் வெட்டியிருப்பார்கள்.
ரோட்டுக்காகச் சரிவைச் செதுக்கியது நாங்கள்தான்.
பிறகு மூன்று நாள் விடாத மழை.
கிடக்கிற மண்ணைப் பார்த்து யாரும்
மலைக்கு வெட்கமில்லை என்று சொன்னதில்லை.
ஜேசிபி வரும். கம்பிவலை கட்டுவோம்.
தண்ணீர் வடியக் குழாய் பதிப்போம்.
அடுத்த மழைக்கு முன் ஒருதரம் போய்ப் பார்ப்போம்.

இதைச் சொன்னதும் டாக்டர் கேட்டார்:
"வலை எத்தனை வருஷம் தாங்கும்?"
"பாத்துக்கிட்டே இருந்தா தாங்கும்."

*

லித்தியம். கல்லிலிருந்து எடுக்கிற உப்பாம்.
என் கைக்குப் பழக்கமான சரக்குதான்.
தாகம் தாகமாக எடுக்கிறது.
விரல் நடுங்கி டீ பாதி சட்டையில்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வேண்டும்,
அளவு கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும்.
உண்மையைச் சொன்னால்
அந்த விளக்குகள்
இன்னொரு தரம் என் பேரைச் சொல்லாதா என்று
சில ராத்திரி இருக்கிறது.
இதையும் டாக்டரிடம் சொன்னேன்.
எழுதிக்கொண்டார்.

தை பிறந்து மேஸ்திரி
சுண்ணாம்பு வாளியை என்னிடம் நீட்டினார்,
நீட்டிய கை பாதியில் நின்றது,
பிறகு வந்தது.
பன்னிரண்டாம் வளைவு.
கறுப்பு, வெள்ளை, கறுப்பு.
பனி இறங்க ஆரம்பித்தது.
நாலு மணிக்குப் பிரஷை அலசிவிட்டேன்.
இன்னும் இரண்டு கல் பாக்கி.
கிடக்கட்டும்,
நாளைக்கு.